பேச்சி வீட்டுச் சுவர்

அன்றைக்கு எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் இருந்தவர்கள் ஒன்பது பேர். பீல்டு ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ரைட்டர், கையில் நோட்டு. காவல்காரர் ரங்கன், வெட்டிய கிளையைத் தரையில் போட்டுவிட்டு அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். சங்கத்துக்காரர் தேவசகாயம். எங்கள் லைன் வீடுகளில் இருந்து செல்லக்கனியும் ரோஸ்லியும். முத்துப்பேச்சி. அவள் புருஷன் கருத்தபாண்டி. ஒன்பதாவது ஆள் நான். இலைப் பையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன இரண்டு பெண்களை நான் சேர்க்கவில்லை. அவர்கள் நிற்கவில்லை.

தேதி டிசம்பர் இருபது. மாலை நாலரை மணி.

நீங்கள் அந்தச் சுவரில் இருக்கும் கறுப்பைக் காட்டி இது என்ன என்று கேட்டதால் சொல்கிறேன் தம்பி. இல்லாவிட்டால் நானாக வந்து சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் டிராக்டர் ஓட்ட வந்து இந்த வீட்டில் குடியேறி இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் குழாயடியில் யாராவது சொல்லியிருப்பார்கள், பக்கத்து வீட்டு ஞானமுத்து சாட்சி சொல்லித்தான் முத்துப்பேச்சிக்கு இந்த வீடு போயிற்று என்று. உண்மைதான், அந்த ஞானமுத்து நான்தான். ஆனால் அவர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். முழுதையும் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

நாற்காலி வேண்டாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். நிற்கிறேன். மதியம் மூன்றில் இருந்து ஆறு வரை எனக்கு நல்ல நேரம், அதனால்தான் இப்போது வந்தேன்.

டீயை அந்தத் திண்டில் வைத்துவிடம்மா. ஆறட்டும். ஆறினால்தான் இரண்டு உள்ளங்கையாலும் பிடிப்பேன். விரலால் பிடிக்க முடியாது. பார்த்தீர்களா, இந்தக் கணுவெல்லாம் எலந்தைப் பழம் மாதிரி இருக்கிறது. வலது கையில் எந்தெந்தக் கணுவோ, இடது கையிலும் அதே கணு. ஒன்று கூட, ஒன்று குறைய இல்லை.

நான் இந்த எஸ்டேட்டில் இலை நிறுக்கும் கொட்டகையில் முப்பத்தி நாலு வருடம் தராசு பார்த்தவன். பையை மாட்டுவேன், முள் நிற்கும்வரை பார்ப்பேன், சத்தமாகச் சொல்வேன். அவ்வளவுதான் எனக்கும் மனிதர்களுக்கும் பேச்சு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எண்ண வரும்.

முத்துப்பேச்சிக்கு அது வேடிக்கை. குழாயடியில் என்னைப் பார்த்தாலே போதும், ஆரம்பித்துவிடுவாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக் கோழி இன்னைக்கு எத்தன முட்டை இட்டிச்சு? எனக்குத் தெரியல, ஒங்ககிட்ட இருக்கும்லா?"

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குத் தெரியும்தான், மூன்று என்று. சொல்ல மாட்டேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதெல்லாம் நான் குடம் தூக்கிய காலம்.

நோய் போன ஆகஸ்டில் வந்தது. முதலில் இரண்டு மணிக்கட்டு. அப்புறம் விரல். அப்புறம் முட்டி, கணுக்கால். நவம்பர் பத்தாம் தேதி மகன் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர். அவர் என் உடம்பில் இருபத்தெட்டு இடத்தை அழுத்திப் பார்த்தார், ஒவ்வொன்றாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டே. பத்தொன்பது இடத்தில் வலித்தது. அவரும் பத்தொன்பது என்றே எழுதினார். எனக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போயிற்று.

"காலையில எந்திரிச்சதும் விறைப்பா இருக்கா ஐயா? எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ரெண்டு மணி இருபது நிமிஷம்."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் கொஞ்ச நேரம், ரொம்ப நேரம்னு சொல்லுவாங்க. நீங்கதான் இப்படி." அப்புறம் முடக்குவாதம் என்றார். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை எழுதினார். பிடிக்க மூன்று மாதம் ஆகும், அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும், குளிர் படாமல் இருக்க வேண்டும் என்றார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். சீட்டில் குளிர் என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

குளிர் படாமல் இந்த மலையில் எங்கே போவது? நீங்கள் கம்பம் பக்கத்துக்காரர், உங்களுக்கு இன்னும் தெரியாது. ஜனவரியில் விடியற்காலை வாளித் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள்.

மகன் அருள்தாசுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் டிரையர் அறையில் வேலை. நவம்பர் முதல் தேதியில் இருந்து இரவு வேலை போட்டுவிட்டார்கள். எட்டரைக்குக் கிளம்புவான், காலை ஏழுக்கு வருவான். அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்கிறாள். என் மனைவி இறந்து ஒன்பது வருடம். ஆக, இரவில் வீட்டில் இருப்பது நான் ஒருவன்.

வலி பகலிலும் உண்டு. பகல் வலியோடு நடமாடலாம். இரவு வலி வேறு. சாதாரணமாக ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது விழிப்பு வரும். முதலில் வலி இல்லை, குளிர்தான். வெளியில் இருந்து வருகிற குளிர் என்றால் போர்த்தினால் போகும். இது எலும்புக்குள் இருந்து வரும். பல் தானாக அடித்துக்கொள்ளும். கம்பளி விலகியிருக்கும். இழுக்கலாம் என்றால் விரல் மடங்காது. பல்லால் கடித்து இழுப்பேன். புரண்டு படுக்க ஏழு வேலை. வலது முழங்கையை ஊன்ற வேண்டும், தலையைத் தூக்க வேண்டும், இடது காலைக் கொண்டுவர வேண்டும், இப்படி ஏழு. ஐந்தாவதில் சில நாள் நின்றுபோவேன். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அப்படியே கிடப்பேன்.

வெளியே போக வேண்டும் என்றால் தாழ்ப்பாள் திறக்க வராது. மகன் ஒரு தகர டப்பா வைத்துவிட்டுப் போவான். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

மகன் என்னவெல்லாமோ செய்து பார்த்தான். வெந்நீர்ப் பை வாங்கி வந்தான். எட்டரைக்கு ஊற்றி வைத்தால் ஒரு மணிக்கு அது என்னைவிடக் குளிர்ந்து கிடக்கும். பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்தான், நானே ஊற்றிக்கொள்ளட்டும் என்று. மூடி திருக வரவில்லை. இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துத் திருகினேன், கட்டிலில் கொட்டிவிட்டது. நனைந்த மெத்தையில் விடியும்வரை கிடந்தேன். உப்பு ஒத்தடத்துக்கு அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். தீக்குச்சியை உரச வராது. ஒரு நாள் உரசிப் பார்த்தேன். பதினொரு குச்சி ஒடிந்தது, ஒன்று பற்றியது, அதுவும் அடுப்புவரை போகவில்லை. கரண்டு ஹீட்டர் போட்டால் லைன் முழுக்க பியூஸ் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் விரல் வேண்டியிருந்தது தம்பி. உலகத்தில் இருக்கிற சூடு எல்லாவற்றுக்கும் ஒரு மூடி இருக்கிறது.

ஆனால் ஒன்று. நான் சத்தம் போட்டதே இல்லை. அதில் நான் கண்டிப்பு. துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வேன். நடுவில் ஒற்றைச் சுவர்தான், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அடுத்த வீட்டுக்காரன் தூக்கத்தைக் கெடுப்பது பெரிய தவறு. இன்றுவரை ஒரு சத்தம் என் வாயில் இருந்து போனதில்லை.

நவம்பர் இருபத்தி இரண்டாம் தேதி குழாயடியில் கருத்தபாண்டி பேசிக்கொண்டிருந்தான். பாண்டிக்கு ஒரு காது கேட்காது, அதனால் கத்தித்தான் பேசுவான்.

"ராத்திரி என்னமோ ஊளையிடுது வே. எனக்கே கேக்குதுன்னா பாத்துக்கிடுங்க. நாலு நாளா தூக்கமில்ல."

"நரியா இருக்கும்" என்றான் ஒருவன்.

"நரி இப்படி அம்மா அம்மான்னா கத்தும்?"

முத்துப்பேச்சி அவன் கையில் இருந்த வாளியை வெடுக்கென்று பிடுங்கினாள். "வாய மூடிக்கிட்டுத் தண்ணியப் பிடியும். நரிதான். நான் பாத்தேன்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "என்ன அண்ணாச்சி, நரிதான?" என்றாள்.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை. நான் ஒன்றில் இருந்து நான்கு மணிவரை விழித்துக் கிடக்கிறவன், ஊளை இருந்தால் எனக்குத்தானே முதலில் கேட்டிருக்கும்? "நான் கேக்கல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அது அவள் வழக்கம் இல்லை, அதனால் ஞாபகம் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "அண்ணாச்சி, கட்டில எந்தப் பக்கம் போட்டிருக்கிய?"

"எதுக்கு?"

"சும்மாத்தான். எங்க வீட்டுல ஒழுகுது, ஒங்க வீட்டுல எப்படின்னு."

"அந்தப் பக்கம் ஒழுகும். அதனால ஒங்க செவத்த ஒட்டித்தான் போட்டிருக்கோம். செவத்துல இருந்து நாலு விரக்கடை."

"ஒட்டிப் போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மற்றவர்கள் வீட்டுக் கட்டிலில் எல்லாம் அவளுக்கு என்ன வேலை என்று எனக்கு எரிச்சல். ஆனால் சொன்னது சரி, இடுக்கில் காற்று வந்துகொண்டிருந்தது. மகனைத் தள்ளிப் போடச் சொன்னேன்.

மறுநாள் இருபத்தி மூன்று. ராத்திரி ஒன்று ஐந்து இருக்கும். வழக்கம்போல் விழித்து, புரளப் போய், ஐந்தாவது வேலையில் நின்று, முதுகு சுவரில் பட்டுக் கிடக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் டொக் என்று ஒரு கட்டை வைக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் புகை வாசம். ஒன்றரைக்குச் சுவர் வெதுவெதுப்பு. இரண்டு மணிக்கு இன்னொரு டொக். மூன்று மணிக்கு இன்னொன்று. அதற்குள் சுவர் நன்றாகச் சூடு பிடித்துவிட்டது. கல் சுவர் சீக்கிரம் சுடாது, சுட்டால் சீக்கிரம் ஆறாது.

நான் முதுகை ஒட்டினேன். அப்புறம் ஒரு கையை. அப்புறம் அடுத்த கையை. அந்தச் சூட்டுக்கு மூடி இல்லை. திருக வேண்டாம், உரச வேண்டாம், இழுக்க வேண்டாம். சும்மா கிடந்தால் போதும். மூன்று நாற்பதுக்குத் தூங்கிப்போனேன். காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் தெரியுமா? ஐம்பது நிமிடம்.

அன்றில் இருந்து தினமும். ஒரு கட்டை, ஒரு மணி நேரம், அடுத்த கட்டை. மூன்று கட்டை. நான் எண்ணிக்கொண்டே கிடப்பேன்.

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு அது உறுத்தியது. அவள் விறகு, அவள் தீ. என்ன காரணத்துக்கோ எரிக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒருவன் அவளுக்குத் தெரியாமல் முதுகைக் கொடுத்துச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறான். அது திருட்டு மாதிரிதான். முப்பத்தி நாலு வருடம் தராசில் ஒரு கால் கிலோ முன்பின் சொல்லாதவன். கேட்டுவிடலாமா, உன் சுவரில் நான் சாய்ந்துகொள்கிறேன், சம்மதமா என்று? எப்படிக் கேட்பது? ஒரு பெண்ணிடம் போய், ராத்திரி உன் சுவரில் சாய்கிறேன் என்று? அப்புறம் குழாயடியில் அவள் விடுவாளா? கேட்கவில்லை.

எதற்கு எரிக்கிறாள் என்று யோசித்தேன். சிலருக்கு நடுராத்திரியில் பசிக்கும். கருத்தபாண்டிக்குக் கஞ்சி வைப்பாளாக இருக்கும். ஊதாரிக் குணமும் உண்டு அவளுக்கு. என் அதிர்ஷ்டம், அவள் எரிக்கிற நேரமும் என் வலி நேரமும் ஒன்றாக அமைந்தது. டிசம்பர் நான்காம் தேதி எனக்கு ஒரு மணிக்கு விழிப்பு வரவில்லை. இரண்டேகாலுக்குத்தான் வந்தது. பார்த்தால் அன்றைக்கு அவளும் தாமதம். இரண்டரைக்குத்தான் முதல் டொக். அன்று அஞ்சரைவரை எரிந்தது. மூன்று கட்டை கணக்கு தப்பவில்லை.

பகலில் அவளுக்குக் கொட்டாவி. இலை பறிக்கையில் நின்றபடியே தூங்கினாள் என்று ரோஸ்லி சொன்னாள். இலை எடை குறைந்துவிட்டதாம். ராத்திரி மூன்று மணி நேரம் விழித்துத் தீ வளர்த்தால் குறையாமல் என்ன செய்யும்? நான் அவளிடம் ஒரு நாள் நேரடியாகச் சொன்னேன். நான் பேசுவதே அபூர்வம், ஆனாலும் சொன்னேன்.

"பேச்சி, ராத்திரி முழிச்சா ஒடம்பு கெட்டுப்போகும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "அப்படியா அண்ணாச்சி? ஒங்களுக்குத் தூக்கம் வருதா?"

"இப்பக் கொஞ்சம் வருது."

"அப்பச் சரி" என்றாள்.

என்ன பதில் பாருங்கள். நான் அவளைச் சொன்னால் அவள் என்னைக் கேட்கிறாள்.

இப்போது விறகு விஷயம். எஸ்டேட்டில் விறகு அடுப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு மாதம் அறுபது கட்டை. ஒரு நாளைக்கு இரண்டு, சமையலுக்குச் சரியாக வரும். அதற்கு மேல் வேண்டும் என்றால் கிடையாது. தேயிலைக்கு நடுவில் நிற்கிற நிழல் மரத்தில் கை வைத்தால் குற்றம். எங்கள் வீட்டில் காஸ் வந்ததும் மகன் அடுப்பை எடுத்துவிட்டான், எங்களுக்கு விறகு வராது. டிசம்பர் இருபதாம் தேதி மதியம் முத்துப்பேச்சி பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டில் நிழல் மரக் கிளை ஒன்றை வெட்டிக்கொண்டு இருந்தபோது ரங்கன் பிடித்துவிட்டார். வீட்டைச் சோதித்தார்கள். விறகு ஒன்றுகூட இல்லை.

என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், பீல்டு ஆபீசருக்கு என்னைத் தெரியும். தராசு காலத்தில் இருந்து தெரியும். "ஞானமுத்து பொய் சொல்ல மாட்டார், அவரைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மூன்று பேர் தூக்கி ஏற்றினார்கள்.

ஆபீசர் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். "சமையலறைன்னு ஒன்னு இருக்கையில முன் ரூம்ல எதுக்கும்மா அடுப்பு? மூணு செங்கல்ல வச்சு, செவத்த ஒட்டி. செவரெல்லாம் கரி. கம்பெனி வீடு அது."

அப்போதுதான் எனக்கே தெரியும், அவள் அடுப்பை முன்னறைக்குக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு நேராக வைத்திருக்கிறாள் என்று. நாலடி தள்ளி வைத்திருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. எல்லாம் நேரம்.

"குளிருது" என்றாள் பேச்சி.

"எல்லாருக்கும்தான் குளிருது. மத்தவங்க மரத்த வெட்டுறாங்களா?"

தேவசகாயம் எழுந்து, "சார், ஏதோ ஒரு கிளை. முதல் தடவை. எச்சரிச்சு விட்டுடுங்க" என்றார். ஆபீசரும் இளகின மாதிரிதான் இருந்தது. ரைட்டரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்க பக்கத்து வீடு. சொல்லுங்க. இந்தம்மா ராத்திரி அடுப்பு எரிக்குதா? எப்பவாவது ஒரு நாளா, தினமுமா?"

என்ன சொல்வது தம்பி? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். செல்லக்கனி என்னைப் பார்த்துத் தலையை இப்படி இப்படி ஆட்டினாள். எனக்குப் புரியவில்லை. தெரியாது என்பது பொய். எனக்குத்தான் தெரியுமே. அதுவும் நான் ஒரு வகையில் திருடன். அவள் சூட்டைத் தெரியாமல் எடுத்தவன். அதற்கு மேல் ஒரு பொய்யையும் சொல்லிவிட்டு இரவில் எப்படிப் படுப்பேன்?

சொன்னேன். "நவம்பர் இருபத்தி மூணுல இருந்து நேத்து வரைக்கும் இருபத்தேழு ராத்திரி. ராத்திரிக்கு மூணு கட்டை. எண்பத்தி ஒன்னு. சமையலுக்கு அறுபதும் போயிரும். அதனால இந்த எண்பத்தி ஒன்னும் எஸ்டேட் கொடுத்த விறகு இல்ல."

கடைசி வாக்கியம் யாரும் கேட்காதது. கணக்கு அங்கே போய்த்தான் நிற்கிறது, அதனால் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் அது கணக்கா?

ரைட்டர் எழுதிக்கொண்டார். "எண்பத்தி ஒன்னு" என்று ஆபீசர் ஒருமுறை சொன்னார். "ஒரு கிளைன்னியே தேவசகாயம்." தேவசகாயம் உட்கார்ந்துவிட்டார்.

"அட பாவி மனுசா" என்றாள் ரோஸ்லி. ரங்கனைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவர்தானே பிடித்துக் கொடுத்தவர்.

கருத்தபாண்டிக்கு நான் சொன்னது கேட்கவில்லை. "என்ன சொல்லுதாரு, என்ன சொல்லுதாரு?" என்று பேச்சியின் தோளைத் தட்டினான். பேச்சி அவன் நல்ல காதில் வாயை வைத்து, "எண்ணுதாரு" என்றாள். அவன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். "வேண்டாம். கூச்சப்படுத மனுசன்" என்றாள்.

யாரைச் சொன்னாளோ. கருத்தபாண்டியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், அவனுக்குக் கூச்சமும் கிடையாது ஒன்றும் கிடையாது.

தீர்ப்பு என்ன என்றால், பதினைந்து நாள் வேலை கிடையாது. இந்த வீடும் கிடையாது. கீழே ஆற்றோரத்து லைனில் ஒற்றை அறை வீடு. ஒரு வாரத்தில் மாற வேண்டும். ஆபீசர் என்னைப் பார்த்து, "நீங்க இருந்ததால விஷயம் சரியா தெரிஞ்சுது" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மகன் சோறு ஊட்டிவிட்டு வேலைக்குப் போனான். ஒன்றுக்குப் பத்து நிமிடத்துக்கு விழிப்பு வந்தது. குளிர் வந்தது. முதுகைச் சுவரில் ஒட்டினேன். சில்லென்று இருந்தது. பொறுத்தேன். ஒன்று ஐந்து ஆயிற்று. ஒன்று பத்து. ஒன்றரை. டொக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எண்பத்தி ஒன்றைச் சொன்னவன், எண்பத்தி இரண்டாவது கட்டை இனி இல்லை என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

இப்படி ஒரு தப்பு என் வாழ்க்கையில் நடந்ததில்லை.

அந்த ஏழு நாளும் அவள் அந்தப் பக்கம் இருந்தாள். அவளும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன், நடக்கிற சத்தம் கேட்டது. சுவர் பக்கம் வருவாள், நிற்பாள், போவாள். ஒரு நாள் இரண்டு மணி இருக்கும். சுவரில் கை வைத்துத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம், ரொம்ப நேரம். கரியைத் துடைத்திருப்பாள், வீட்டைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் அல்லவா. ஆனால் பாருங்கள், கரி அப்படியே இருக்கிறது.

இருபத்தேழாம் தேதி சாமான் ஏற்றினார்கள். பெட்டி இரண்டு, பாய் மூன்று, கோழி நான்கு. நான் வாசலில் நின்றேன். வழி அனுப்ப வேண்டும் என்று தோன்றியது, ஆனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவளே வந்தாள்.

"அண்ணாச்சி, கோழிய எண்ணிட்டியளா?"

"நாலு."

"சரியாப் போச்சு." சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இனி செவரு குளுந்து கெடக்கும். கட்டில நடுவுல இழுத்துப் போடச் சொல்லுங்க மகன்கிட்ட. முதுகுக்கும் செவத்துக்கும் நடுவுல சாக்க மடிச்சு வையுங்க. துண்டு கடிக்காதிய, பல்லு ஆடிப்போகும். வலிச்சாக் கத்துங்க. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாவ."

டிராக்டர் கிளம்பிவிட்டது.

நான் துண்டு கடிப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? ஜன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு இன்றுவரை கோபம் தம்பி. ஒரு மனிதன் இரவில் எப்படிக் கிடக்கிறான் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பது சரியா? நீங்களே சொல்லுங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் மனைவியும் கண்ணைத் துடைக்கிறாள். புகை ஒன்றும் இல்லையே. நான் கோர்வையாகச் சொல்லவில்லையோ? எனக்குப் பேச வராது என்று முதலிலேயே சொன்னேன்.

வேறொன்றும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கலாம் என்று வந்தேன். உங்களிடம் காஸ் அடுப்புதான், இல்லையா? ஆமாம், வெளியில் சிலிண்டர் பார்த்தேன். பின்னால் சமையலறையில்தான் வைப்பீர்கள். அதுதான் முறை. முன்னறையில் யார் அடுப்பு வைப்பார்கள். சுவருக்கு வெள்ளை அடித்துவிடுங்கள், ஒரு தடவை அடித்தால் கரி தெரியும், இரண்டு தடவை அடியுங்கள்.

கம்பளியா? வேண்டாம் தம்பி. என்னிடம் மூன்று இருக்கிறது. சுவரைத் தட்டினால் வருகிறேன் என்கிறீர்களா? நல்ல மனது. ஆனால் இரவில் தட்டுவதற்குக் கை மடங்க வேண்டும். அதோடு, நீங்கள் காலையில் ஐந்துக்கு வண்டி எடுக்கிறவர். உங்கள் தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன். என்னால் ஒரு சத்தமும் உங்களுக்கு வராது.

நேற்றோடு இருபது இரவு குளிர்ந்த சுவர். காலை விறைப்பு மறுபடி இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. இன்று காலை இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். சட்டைப் பொத்தானை மகன்தான் போட்டான். மார்ச் முதல் தேதி அவனுக்குப் பகல் வேலை வந்துவிடும், அப்புறம் ராத்திரிக்கு ஆள் இருக்கும், குளிரும் குறையும். அதுவரை தள்ள வேண்டும்.

இன்று ஜனவரி ஒன்பது. இன்றைய இரவையும் சேர்த்து இந்த மாதத்தில் இருபத்தி மூன்று. இந்த வருடம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டுதான், அந்த மட்டுக்கு நல்லது.

மீதி ஐம்பத்தி ஒன்று.